கார்டு யார் கையில் இருந்தது என்பதற்கு எவ்வளவு விலை கூட்டலாம்?

மூன்றாம்சீரிஸ்
விற்பனைக்கு வந்திருக்கும் 1956 டாப்ஸ் (அமெரிக்கக் கார்டு கம்பெனி) பேஸ்பால் வீரர் கார்டுத் தொகுப்பு ஒன்றைப் பற்றிய கேள்வி. 340 கார்டுகளில் 331 இருக்கின்றன, கைவசம் உள்ளதை டிக் செய்யும் செக்லிஸ்ட் கார்டு இரண்டும் உண்டு. எதுவும் கிரேடு ஆகவில்லை, அதாவது கார்டின் நிலைக்கு 1 முதல் 10 வரை எண் தரும் கம்பெனிக்குப் போகவில்லை. விற்பவர் முதல் சொந்தக்காரரின் மகள். "அப்பா பள்ளிக்கூட நாளில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்தது, வேறு கை படவில்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரத் தயார். அதற்காக, இதே நிலையில் உள்ள வரலாறு தெரியாத தொகுப்பைவிட 30 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார். இந்த உரிமை வரலாற்றுக்கு அவ்வளவு விலை உண்டா? இருந்தால் எதை வைத்து உறுதிசெய்வது?

பழங்காகிதம்
வெறும் கடிதத்துக்கு ஒரு காசும் கூட்ட வேண்டாம். கடிதம் சொல்வதைக் கார்டுகளும் சொன்னால் கூட்டலாம். இந்தத் தொகுப்பு அதற்கு வாகானது, ஏனென்றால் 1956 டாப்ஸில் சரிபார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் முதுகுப் பக்கம். 1 முதல் 180 வரையுள்ள கார்டுகள் சாம்பல் முதுகு, வெள்ளை முதுகு என்று இரண்டு காகிதத்திலும் அச்சாயின. பாக்கெட் பிரித்துச் சேர்த்த பையனிடம் இரண்டும் கலந்துதான் இருக்கும். 180ம் ஒரே நிறமாக இருந்தால் பின்னாளில் யாரோ தேடித் தேடி அடுக்கியது என்று அர்த்தம்.

இரண்டாவது, தேய்மானம். பையன் கையில் புழங்கிய தொகுப்பு ஒரே சீராகத் தேயாது. நட்சத்திர வீரர்களின் கார்டுகளைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள், நண்பர்களிடம் காட்டுவார்கள். அதனால் மேன்டில் (கார்டு எண் 135), மேஸ் (130), ஆரன் (31), கிளெமென்டே (33), டெட் வில்லியம்ஸ் (5), ஜாக்கி ராபின்சன் (30), கூஃபாக்ஸ் (79) ஆகியவற்றின் மூலைகள் சாதாரண ஆட்டக்காரர்களின் கார்டுகளைவிடச் சற்று மழுங்கியிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் கூர்மையாகவும் மற்றவை மழுங்கியும் இருந்தால் எச்சரிக்கை. காணாமல் போனவற்றைப் பின்னாளில் நல்ல பிரதி வாங்கி நிரப்பியிருக்கலாம்.

மூன்றாவது, ரப்பர் பேண்டு. அந்தக் காலத்தில் கட்டிவைத்தது அப்படித்தான். கட்டில் மேலும் கீழும் இருந்த கார்டில் பள்ளம் நன்றாகத் தெரியும், நடுவில் இருந்தவற்றின் ஓரத்தில் மெல்லிய அழுத்தம் மட்டும் இருக்கும். பக்கத்துப் பக்கத்து எண்களில் அழுத்தம் ஒரே உயரத்தில் வந்தால் அவை நெடுநாள் ஒன்றாகக் கிடந்தவை. பாக்கெட் உறையின் மெழுகுக் கறை, செக்லிஸ்ட் கட்டங்களில் பென்சில் டிக், இவை கிரேடைக் குறைக்கும், வரலாற்றுக்கு வலு சேர்க்கும். ஒரே வீரரின் இரட்டைப் பிரதிகள் இருந்தாலும் வரலாற்றுக்கு வலுதான்.

கிரேடு8
கதைக்குக் காசு கொடுக்காதீங்க. கிரேடிங் கம்பெனி எதுக்கு இருக்கு? எண்ணோட ஸ்லாப் ஆகி, அதாவது மூடி ஒட்டின பிளாஸ்டிக் உறைக்குள்ள, வந்துட்டா அது யார் வீட்டு அலமாரியில கிடந்ததுன்னு வாங்குறவன் கேக்கப்போறதில்ல. அதே மேன்டில், அதே 6 கிரேடு, ஒண்ணுக்குக் கடிதம் இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல. ரெண்டும் ஒரே வாரத்துல ஒரே ஏலத்துல வந்தா எவ்வளவு வித்தியாசம் வரும்? ரொம்ப இருக்காது. 30 சதவீதமெல்லாம் கனவு.

டி206_வாசகன்
கிரேடு8 சொல்வது நடுத்தர விலைக் கார்டுகளுக்குச் சரி. ஆனால் "ஸ்லாப் போதும்" என்பதை அப்படியே ஏற்க முடியாது. ஸ்லாப் பதில் சொல்லத் தவறியதற்கு இந்தத் துறையின் மிகப் பெயர்பெற்ற கார்டே சாட்சி.

டி206 என்ற பழைய வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் கார்டு, 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்தது. அதில் மிகச் சிறந்த பிரதி என்று சொல்லப்பட்டதை 1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சதபீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனி முதன்முதலில் கிரேடு செய்த கார்டும் அதுதான், கிடைத்தது 8. பிறகு வால்மார்ட் பரிசுப் போட்டிக்குப் போய், 1996இல் கிறிஸ்டிஸில் 6,41,500, 2000இல் 12.65 லட்சம், 2007 பிப்ரவரியில் 23.5 லட்சம், அதே ஆண்டு செப்டம்பரில் 28 லட்சம் டாலர் என்று ஏறியது. கடைசியாக வாங்கியவர் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் கென் கென்ட்ரிக். இந்த ஏற்றத்தில் கிரெட்ஸ்கி பெயருக்கு ஒரு பங்கு உண்டு. இன்றைக்கும் அதை 'கிரெட்ஸ்கி வாக்னர்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தச் சங்கிலியின் ஆரம்பக் கண்ணி பில் மாஸ்ட்ரோ. 1985இல் 25,000 டாலருக்கு வாங்கியவர். 2013 அக்டோபரில் சிகாகோ நீதிமன்றத்தில், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, இந்தக் கார்டின் ஓரத்தைத் தானே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அது பொது ஏலத்துக்கே வரவில்லை. இடைப்பட்ட காலத்தில், வெட்டாத 3 கிரேடு வாக்னர் ஒன்று 2021 ஆகஸ்டில் 66 லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது. பெயர்பெற்றவர் கையில் இருந்தது விலையை ஏற்றிய அதே கார்டில், முதலில் யார் கையில் இருந்தது என்பதுதான் இன்று பெரிய கேள்விக்குறி.

கிரேடு8
வாக்னர் விதிவிலக்கு. உலகத்துல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு, அந்த கிரெட்ஸ்கி கார்டு நாளைக்கு ஏலத்துக்கு வந்தா அந்தக் கதைக்காகவே எகிறும்னு சொல்றவங்களும் உண்டு. அதை வச்சு 1956 தொகுப்புக்கு விலை போட முடியாது.

ஓரக்கண்ணாடி
வாக்னரை விட்டுவிடுவோம். 2019இல் என்ன நடந்தது என்று பாருங்கள். சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வெட்டியும் சாயம் தடவியும் உயர் கிரேடு ஸ்லாபுக்குள் போன கார்டுகளை நூற்றுக்கணக்கில் காட்டினார்கள். அவற்றில் சாதாரண விலைக் கார்டுகளும் இருந்தன. ஆகவே பழைய படம் என்பதும் உரிமை வரலாறுதான், அதுவும் பொய் சொல்லாத வகை.

ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். முதலில் இப்போதைய கார்டை 1200 டிபிஐயில் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் தானியங்கிக் கூர்மை, நிறத் திருத்தம் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சின்னப் புள்ளிகள் மாறித் தெரியலாம். பிறகு அந்தக் கார்டுக்கு மட்டுமே உரிய அடையாளங்களைக் குறியுங்கள்: சென்டரிங், அதாவது நான்கு பக்க வெள்ளை ஓரத்தின் அகல விகிதம், மை விழாத வெள்ளைப் புள்ளிகள், காகிதத்தில் சிக்கிய நார், கறையின் வடிவம், வெட்டுக்கோடு சாய்ந்திருக்கும் கோணம். இதில் ஒரு பொறி உண்டு. அச்சுத் தகட்டிலேயே இருந்த குறை அதே தாளில் அதே இடத்தில் வந்த எல்லாப் பிரதியிலும் வரும், அது தனி அடையாளம் ஆகாது. நார், கறை, காகித மடிப்பு மாதிரி இரண்டாம் பிரதியில் வர முடியாதவை இரண்டு மூன்று பொருந்தினால்தான் ஒரே கார்டு என்று சொல்லலாம்.

ஒரே கார்டு என்று உறுதியான பிறகு எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஓரம் குறுகி மூலை கூர்மையானால் வெட்டியது. மடிப்புக்கோடு மங்கினால் அழுத்தியது. வெள்ளை தெரிந்த ஓரம் நிறம் பெற்றால் சாயம். 1956 டாப்ஸின் அளவு 66.7 × 95.25 மி.மீ. ஆனால் அளவு மட்டுமே தீர்ப்பு அல்ல. தொழிற்சாலையிலேயே குட்டையாக வெட்டிவிட்டவை உண்டு, முதலில் அகலமாக வந்ததை வெட்டி அளவுக்குக் கொண்டுவந்தவையும் உண்டு. 10 மடங்கு லென்ஸில் ஓரத்தைச் சாய்த்துப் பாருங்கள். நான்கு ஓரத்தில் ஒன்று மட்டும் வழவழப்பாக, புதுசாக, மற்ற மூன்றின் மங்கல் இல்லாமல் இருந்தால் அங்கே கத்தி பட்டிருக்கிறது.

கிரேடு 5இலிருந்து 6க்கு ஏறியதே குற்றம் ஆகாது. திரும்ப அனுப்பினால் ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் சகஜம். 4இல் இருந்து 8க்குப் போனால்தான் பழைய படத்தைத் தேட வேண்டும்.

மூன்றாம்சீரிஸ்
இந்தத் தொகுப்பு இதுவரை விற்பனைக்கே வராதது என்கிறார்கள். அப்படியானால் ஒப்பிடப் பழைய படம் எதுவும் இருக்காதே?

ஓரக்கண்ணாடி
ஆமாம், இல்லாததும் ஒரு செய்திதான். ஏல வீடுகளின் பழைய பட்டியல்களிலும் பிஎஸ்ஏ விற்பனைப் பதிவுகளிலும் ஏழு நட்சத்திரக் கார்டுகளை மட்டும் தேடுங்கள். 331ஐயும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏதாவது ஒன்று 2005இலோ 2015இலோ ஏலத்தில் தென்பட்டால் "வேறு கை படவில்லை" என்பது அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

பழங்காகிதம்
கடிதத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கடிதங்கள் பயனில்லாமல் போவது ஒரே காரணத்தால்தான்: "என் அப்பாவின் 1956 மேன்டில்" என்று எழுதியிருக்கும். அந்த வரி உலகத்தில் உள்ள எந்த 1956 மேன்டிலோடும் ஒட்டிக்கொள்ளும். கார்டை விற்றுவிட்டு, கடிதத்தை வேறு பிரதியோடு சேர்த்து இன்னொரு முறை விற்க முடியும்.

கடிதம் நோட்டரி முன்னால் கையெழுத்தாக வேண்டும். முதல் சொந்தக்காரர் பெயர், விற்பவருக்கு என்ன உறவு, எந்த ஆண்டுகளில் சேர்த்தது, அதற்குப் பிறகு எங்கே இருந்தது, எப்போது மகள் கைக்கு வந்தது, இவை ஒரு பக்கத்தில். நட்சத்திரக் கார்டு ஒவ்வொன்றின் முன்பின் படமும் இணைப்பாக, தனி அடையாளங்கள் வட்டமிட்டு, ஒவ்வொரு தாளிலும் அதே கையெழுத்து. கிரேடு ஆகி வந்த பிறகு ஸ்லாபில் அச்சான சான்று எண்களை ஒரு துணைத்தாளில் சேர்க்கலாம், ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. நாளைக்கு யாராவது ஸ்லாபை உடைத்து வேறு கம்பெனிக்கு அனுப்பினால் எண் போய்விடும், படம்தான் மிஞ்சும். அவருக்குத் தெரியாததை எழுதச் சொல்லவே கூடாது. "நான் பார்த்த நாளிலிருந்து பரணில் இருந்தது" என்று எழுதுவது, "1956இலிருந்து யாரும் தொடவில்லை" என்று எழுதுவதைவிட நம்பத் தகுந்தது.

கார்டுகளைப் பிரித்து விற்கப் போகிறீர்கள் என்றால் மூலக் கடிதத்தை நீங்களே வைத்துக்கொண்டு, அந்தந்தக் கார்டின் இணைப்போடு நகல் கொடுங்கள். குடும்பத்தின் முகவரியை நகலில் மறைத்துவிடுவதும் நல்லது.

பேட்ச்பார்வை
புதுக் கார்டு பக்கம் வந்தா வரலாறு இன்னும் முக்கியம், ஆனா காரணம் வேற. வீரரோட சட்டைத் துணித்துண்டு பதிச்சு வரிசை எண் போட்ட பேட்ச் கார்டுல 99 பிரதி இருந்தா 99க்கும் துணி வேற வேற. 2003-04 எக்ஸ்குவிசிட் வரிசையில வந்த கூடைப்பந்து வீரர் லெப்ரான் மாதிரி கார்டுகளுக்கு எந்த எண்ல எந்தத் துணின்னு படத்தோட பதிவு வச்சிருக்கிறவங்க இருக்காங்க. உதாரணமா 41/99 முன்னாடி ஒரே நிறத் துணியோட வந்துச்சு, இப்ப மூணு நிறமும் தையலும் தெரியுற துணியோட வருதுன்னா துணியை மாத்திட்டாங்க. துணி தெரியுற ஜன்னல் ஓரத்துல பசை, அடுக்கு பிரிஞ்சு திரும்ப ஒட்டின கோடு, ஜன்னல் வெட்டுல பிசிறு, இதெல்லாம் பாக்கணும். பெட்டி பிரிக்கிற வீடியோவுல எண் தெளிவாத் தெரிஞ்சா அதைவிட நல்ல பிறப்புச் சான்று கிடையாது. வீடியோவோட இணைப்பு மட்டும் வச்சுக்காதீங்க, இறக்கி வச்சுக்குங்க; சேனல் மூடினா போச்சு.

பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸோட டெபுட் (முதல் ஆட்ட) பேட்ச் கார்டைப் பாருங்க. ஒரே ஒரு பிரதி. 2024 மே 11 ஆட்டத்துல அவர் போட்டிருந்த சட்டையில இருந்த பேட்ச், பாக்கெட்ல எடுத்தது 11 வயசுப் பையன். 2025 மார்ச்சுல 11.1 லட்சம் டாலர். மைதானத்துல இருந்து பாக்கெட் வரைக்கும் ஒரு கண்ணி கூட விடுபடல. ஆனா கார்டோட பின்பக்கத்தைப் படிக்காம எதையும் வாங்காதீங்க. "எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தோடும் தொடர்பில்லாத துணி"ன்னு கம்பெனியே அச்சடிச்சிருந்தா, அதுக்கு மேல விக்கிறவர் சொல்ற ஆட்டக் கதைக்கு மதிப்பே இல்ல.

ஏலக்குறிப்பு
யாரும் தொடாத ஒரு பக்கம்: பொருள் விற்பவருக்குச் சொந்தமா?

அமெரிக்க வணிகச் சட்டத்தில் திருடனிடமிருந்து நல்ல உரிமை யாருக்கும் போகாது. நீங்கள் முழுப் பணம் கொடுத்து, தெரியாமல், நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் திருட்டுக் கார்டு பழைய உரிமையாளருக்கே திரும்பும். ஏமாற்றி வாங்கியது வேறு கதை. செல்லாத காசோலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினால் உங்கள் உரிமை நிற்கும். நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து காணாமல் போன பேஸ்பால் ஆவணங்களைப் பற்றிய சர்ச்சை பல பத்தாண்டுகள் கழித்து ஏலங்களில் வெடித்ததே, அதன் வேர் இதுதான். பழைய நூலக முத்திரையோ, அதைச் சுரண்டிய தடமோ இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே விலகிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகுப்பில் கேட்க வேண்டியது: மகளுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? உயில் அல்லது பாகப்பிரிவினைத் தாளில் இந்தத் தொகுப்பு அவருக்கு என்று இருக்கிறதா? இல்லையென்றால் மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கையெழுத்து தேவை. விலை ஏறிய பிறகுதான் அண்ணன் தம்பி நினைவுக்கு வருவார்கள்.

அவருக்கும் இந்த ஆவணம் பயன்படும். சேகரிப்புப் பொருளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் அமெரிக்காவில் லாபத்தின் மீது 28 சதவீதம் வரை மத்திய வரி. வாரிசாக வந்தது என்று காட்ட முடிந்தால், தந்தை இறந்த நாளின் சந்தை மதிப்பே அடக்கவிலை ஆகும். காட்ட முடியாவிட்டால் முழு விற்பனைத் தொகையும் லாபமாகப் பார்க்கப்படலாம். இதை எடுத்துச் சொன்னால் தாள்களைத் தேடுவதில் அவரே முனைப்பு காட்டுவார்.

கிரேடு8
சரி, இதெல்லாம் ஆபத்தைக் குறைக்குது, ஒத்துக்கிறேன். ஆனா "கூடுதல் விலை"ன்னு எங்கயாச்சும் அளந்து காட்ட முடியுமா? 1952 டாப்ஸ் மேன்டில் 9.5 கிரேடு 2022 ஆகஸ்டுல 126 லட்சம் டாலர் போச்சு. எல்லாரும் அதை முன்னாடி வித்த வியாபாரி ரோசனோட கடிதத்தைக் காரணமாச் சொல்றாங்க. 9 கிரேடு ஒண்ணு 2021 ஜனவரியில 52 லட்சத்துக்குப் போச்சு. நடுவுல இருக்கிற 74 லட்சமும் கடிதத்துக்கா?

டி206_வாசகன்
இல்லை. கிரேடு வேறு, கிரேடு கொடுத்த கம்பெனி வேறு, காலம் வேறு. அந்த இரண்டை வைத்துக் கழித்தல் கணக்குப் போடவே கூடாது. ஆனாலும் அந்தக் கடிதம் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். ஆலன் ரோசன் 1980களின் நடுவில் மாசசூசெட்ஸில் கண்டெடுத்த புதையலிலிருந்து வந்த கார்டு அது. 1991இல் 50,000 டாலருக்கு விற்றபோது எழுத்தில் கொடுத்தார். அதன்பின் 30 ஆண்டுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. எங்கிருந்து வந்தது, நடுவில் யார் தொட்டது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருந்ததால், துணிந்து ஏலம் கேட்பவர்கள் கூடினார்கள். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது கடைசி இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் தயங்காமல் கையைத் தூக்க வைப்பதுதான் வரலாற்றின் வேலை.

2012இல் ஓஹையோவில் கிடைத்த பிளாக் ஸ்வாம்ப் புதையலும் அப்படித்தான். ஒரு வீட்டின் பரணில் சுமார் 700 கார்டுகள், நூறாண்டுப் பழசு. பிஎஸ்ஏ லேபிளிலேயே புதையலின் பெயர் அச்சாகியிருக்கிறது. ஒரு சாதாரணக் குடும்பப் பெயருக்கு அந்த மரியாதை கிடைக்காது. உங்கள் 1956 தொகுப்புக்கும் கிடைக்காது.

மூன்றாம்சீரிஸ்
படங்களை வாங்கிப் பார்த்தாயிற்று. 1 முதல் 180க்குள் இருப்பவை 176. அதில் சாம்பல் முதுகு 121, வெள்ளை 55, கலந்துதான் இருக்கின்றன. செக்லிஸ்டில் பென்சில் டிக் உண்டு. 133, 134, 136, 137 நான்கிலும் மேல் ஓரத்தின் நடுவில் சின்ன அழுத்தம், ஒரே இடத்தில். 135இல் அது இல்லை. மேன்டிலின் மூலைகளும் பக்கத்தில் உள்ளவற்றைவிடக் கூர்மை. செக்லிஸ்டில் 135க்கு நேரே உள்ள டிக் மட்டும் நீலப் பேனாவில்.

பழங்காகிதம்
அப்படியானால் தொகுப்பு உண்மை, மேன்டில் மட்டும் பிற்பாடு வந்தது. அப்பாவே இருபது வருடம் கழித்துக் கடையில் வாங்கியிருக்கலாம், மகளுக்குத் தெரியாமலேயே இருக்கலாம். குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். "135 எப்போது வந்தது என்று ஏதாவது தாள் இருக்கிறதா" என்று மட்டும் கேளுங்கள். ரசீது கிடைத்தால் அதுவும் வரலாறுதான்.

விலையை மூன்றாகப் பிரியுங்கள். சாதாரணக் கார்டுகளுக்குக் கூடுதல் ஒன்றும் வேண்டாம். மற்ற ஆறு நட்சத்திரங்களுக்கு அடிப்படை விலையை இப்போதே கொடுங்கள். கிரேடிங்கில் 'மாற்றப்பட்டது' என்று திரும்பாமல் கிரேடு எண்ணோடு வந்தால் 10 சதவீதம் பிறகு தருவதாக எழுத்தில் கொடுங்கள். பெரிய அளவுக் கார்டு என்பதால் சாதாரண டாப்லோடரில் (விறைப்பான பிளாஸ்டிக் உறை) திணிக்காமல், அரை விறைப்பான ஹோல்டரில் போட்டு அனுப்புங்கள். மேன்டிலுக்கு வரலாறு தெரியாத கார்டின் விலைதான், அதுவும் ஓரக்கண்ணாடி சொன்ன லென்ஸ் சோதனையை நேரில் செய்த பிறகு.

ஓரக்கண்ணாடி
மேன்டிலைப் பார்க்கும்போது இடது ஓரத்தில் தொடங்குங்கள். 136ஐப் பக்கத்தில் வைத்து, இரண்டின் ஓரத்தையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே சாய்வில்.

பழங்காகிதம்
கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்ல மறந்துவிட்டேன்: "இணைப்பில் உள்ள கார்டுகள் என் தந்தை சிறுவயதில் சேர்த்தவை என்று அவர் சொல்லி அறிவேன், எண் 135 எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது." அந்தக் கடைசிப் பாதியை நீக்கச் சொல்லி யார் கேட்டாலும் நீக்க விடாதீர்கள். மற்ற ஆறு கார்டுகளையும் வாங்குபவர் நம்பப் போவது அதைப் பார்த்துத்தான்.